ஓட்டைப் பாயில் ஓடிய கப்பல்

“மாமா, பாய் பூரா கிழிஞ்சு தொங்குது. அப்புறம் எப்படி இந்தக் கப்பல் மட்டும் எல்லாத்தையும் முந்துது?”

அக்கா பையன் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டான். திரையில், மூடுபனிக்கு நடுவே பாதி உடம்பை மட்டும் காட்டியபடி ‘பிளாக் பேர்ல்’ உறைந்து நிற்கிறது. கறுப்பு உடல், கறுப்புப் பாய், கறுப்புக் கொடி. 2003-ல் கோர் வெர்பின்ஸ்கி இயக்கி வந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ முதல் படம். எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஜாக் ஸ்பாரோவாக வரும் ஜானி டெப்பின் தள்ளாட்ட நடையைக் கண்ணாடி முன்னால் நடந்து பார்த்து, வீட்டில் திட்டு வாங்கியவன் நான். ஆனால் அந்தப் பாயில் காற்று எங்கே தங்குகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

“அது சாபம் பிடிச்ச கப்பல்டா.”

“சாபம் சரி மாமா. காத்து?”

பதினோரு வயது வாய். சும்மா விடாது. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டோம். இடப்பக்கம் ‘நிஜம்’, வலப்பக்கம் ‘கப்சா’. அவன் படத்தை நிறுத்தி நிறுத்தித் தீர்ப்புச் சொல்வான். நான் அலமாரியில் தூசி தின்னும் கப்பல் புத்தகங்களைப் புரட்டிச் சரிபார்ப்பேன். இதுதான் ஒப்பந்தம். இரண்டேகால் மணி நேரப் படம் முடிவதற்குள் ராத்திரி சாப்பாடு இரண்டு தடவை ஆறிப்போனது.

மிதவை மேல் ஒரு செட்

முதல் தீர்ப்பு கப்பலின் மேலேயே. “இது நிஜக் கப்பல்” என்றான். தப்பு!

முதல் படத்தில் வரும் பேர்ல், ஒரு பார்ஜின் முதுகில் கட்டிய செட். துறைமுகங்களில் சரக்கேற்றி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தத் தட்டையான மிதவை. அதன்மேல் பாய்மரம், பீரங்கித் தளம், கேப்டன் அறை எல்லாம் எழுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் மிடுக்காக நிற்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘டான்ட்லெஸ்’ஸும் இதே ரகம்.

அந்தப் படத்தில் உண்மையிலேயே பாய் விரித்து ஓடுகிறவள் ‘இன்டர்செப்டர்’ அம்மணி. அவளுடைய சொந்தப் பெயர் லேடி வாஷிங்டன். 18-ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பல் ஒன்றின் நகலாக, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்ற ஊரில் கட்டி 1989-ல் நீரில் இறக்கினார்கள். ஷூட்டிங்குக்காகப் பசிபிக் கரையிலிருந்து பனாமா கால்வாய் வழியாகக் கரீபியனுக்கு வந்து சேர்ந்தாள். படத்தில் இன்டர்செப்டர் வெடித்துச் சிதறும்போது பையன் ‘ஐயோ’ என்றான். கவலை வேண்டாம், அம்மணி ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பிவிட்டாள். இன்னொரு குஷியான தகவல்: 1994-ல் வந்த ‘ஸ்டார் டிரெக்: ஜெனரேஷன்ஸ்’ படத்தில் ‘என்டர்பிரைஸ்’ என்ற பாய்க்கப்பலாக வேடம் கட்டியவளும் இவளே. கொள்ளைக்காரர் படத்திலும் விண்வெளிப் படத்திலும் கால்ஷீட் கொடுத்த ஒரே பாய்க்கப்பல் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம், மூன்றாம் படங்களுக்குப் பேர்ல் நிஜமாகவே கடலில் ஓட வேண்டியிருந்தது. அலபாமா மாநிலத்தில் பாயூ லா பாட்ரே என்று ஓர் ஊர். இறால் படகுகளுக்குப் பேர்போனது. அங்கே ஒரு பட்டறையில் ‘சன்செட்’ என்ற கப்பலைப் பிடித்து, அதன்மேல் கறுப்புச் சட்டை மாட்டினார்கள். நீளம் நூறு அடிக்குச் சற்று மேல். உள்ளே இன்ஜின்.

பையன் துள்ளி எழுந்தான். “அப்ப காத்து கீழே இன்ஜின் ரூம்ல இருக்கு!”

அவனுடைய முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கப்பல் படங்களில் இந்தத் தில்லுமுல்லு பழைய வழக்கம். 1935-ல் எரல் ஃபிளின் நடித்த ‘கேப்டன் பிளட்’ படத்தில் சில கடற்போர்க் காட்சிகள் 1924-ல் வந்த ‘தி சீ ஹாக்’ என்ற மௌனப்படத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. மற்ற பல கப்பல்கள் பொம்மைகள். அந்தக் ‘கேப்டன் பிளட்’ கதைதான் முப்பது வருஷம் கழித்து, 1965-ல், பி.ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவ’னாக நம் ஊருக்கு வந்தது. மருத்துவராக இருந்து, அடிமையாகி, கொள்ளைக்கப்பல் ஏறும் மணிமாறனாக எம்.ஜி.ஆர். “அப்ப ஜாக் ஸ்பாரோவுக்கு எம்.ஜி.ஆர். சீனியரா?” என்றான் பையன். சந்தேகமில்லாமல்.

திருடப் போகிறவனுக்கு மேளம் எதற்கு?

பாய்க்கு வருவோம். “கறுப்புப் பாய் நிஜம்” என்று எழுதினான். “ராத்திரியில யாருக்கும் தெரியாதுல்ல?”

நல்ல யோசனை. ஆனால் கடற்கொள்ளையில் முக்கால்வாசி வேலை பட்டப்பகலில், வேஷம் போட்டுச் செய்வது. அப்பாவி வணிகக் கப்பல் போலப் பாய் விரித்து, எதிராளியின் நாட்டுக் கொடியையே ஏற்றிக்கொண்டு, சிரித்த முகத்தோடு பக்கத்தில் போக வேண்டும். பீரங்கி எட்டும் தூரம் வந்தபிறகுதான் கறுப்புக்கொடி மேலே ஏறும். அதைக் கண்டதுமே பெரும்பாலான வணிகக் கப்பல்கள் பாயை இறக்கிச் சரணடைந்துவிடும். சண்டை போட்டால் உயிர் தப்பாது என்று அர்த்தம். பத்து மைல் தூரத்திலிருந்தே தெரியும்படி கறுப்புப் பாய் கட்டுவது, திருடப் போகிறவன் மேளக்காரரைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி.

அக்காலத்துப் பாய்கள் சணலிலும் ஆளிநாரிலும் நெய்தவை, வெளிறிய மண்நிறம். கிழிந்த பாயை ஒரு கேப்டனும் அப்படியே விட மாட்டான். கொள்ளையர்கள் ஒரு கப்பலைப் பிடித்ததும் தங்கம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, பாய்த்துணி, வடக்கயிறு, தச்சுக் கருவி எல்லாவற்றையும் சுருட்டுவார்கள். கரையிறங்கிக் கடையில் வாங்க முடியாத தொழில் அல்லவா!

கொடியிலும் ஒரு குட்டிக் கோளாறு. மண்டையோட்டுக்குக் கீழே குறுக்கிட்ட இரண்டு வாள். இது ஜாக் ராக்கம் என்ற கொள்ளையனின் கொடி என்று சொல்வார்கள். ராக்கம் வாழ்ந்த காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. அவனிடம் பேர்ல் மாதிரி கப்பலும் இல்லை. 1720 ஆகஸ்டில் நாசாவ் துறைமுகத்திலிருந்து ஆன் பானி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்களோடு அவன் திருடிக்கொண்டு போன ‘வில்லியம்’, ஒற்றைப் பாய்மரம் கொண்ட பன்னிரண்டு டன் ‘ஸ்லூப்’ படகு. அதுதான் அந்தத் தொழிலின் அசல் வாகனம். மூன்று பாய்மர மாளிகை ஆற்று முகத்துவாரத்தில் தரைதட்டும். சிறு ஸ்லூப் முழங்கால் தண்ணீரில் நழுவி ஓடிவிடும்.

கப்சா என்று நினைத்தது

இந்த இடத்தில்தான் ஆட்டம் தலைகீழானது.

இன்டர்செப்டரைத் துரத்தும்போது பேர்லின் வயிற்றிலிருந்து வரிசையாக நீண்ட துடுப்புகள் வெளியே வரும், நினைவிருக்கிறதா? பையன் விழுந்து விழுந்து சிரித்தான். “பீரங்கிக் கப்பலுக்குத் துடுப்பா! கப்சா, கப்சா!”

அது பச்சை நிஜம். 1695-ல் லண்டன் அருகே டெப்ட்ஃபோர்டில் நீரில் இறங்கிய ‘அட்வென்ச்சர் கேலி’யில் 34 பீரங்கி, கூடவே 46 துடுப்பு. காற்றில்லாத நாளில் பாயை நம்பியிருக்கும் கப்பல் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, இது மட்டும் துழாவிக்கொண்டு வந்து கழுத்தைப் பிடிக்கும். கேப்டன் யார் தெரியுமா? வில்லியம் கிட். கொள்ளையரைப் பிடிக்கப் போனவன், கடைசியில் கொள்ளையன் என்று 1701-ல் தூக்கில் தொங்கியவன். அவனை மாட்டிவிட்ட இரை கரீபியனில் கிடைக்கவில்லை. 1698 ஜனவரியில் நம் கொச்சிக் கடலோரத்தில்தான் ‘கெடா மெர்ச்சண்ட்’ என்ற கப்பலைப் பிடித்தான். அவனோடு கரீபியன்வரை போன அதன் சிதைவு 2007-ல் டொமினிக்கன் குடியரசின் காட்டலினா தீவருகே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. ஆராய்ந்து பார்த்தால், மரம் தேக்கு! கரீபியன் கடலடியில் இந்தியத் தேக்கு முந்நூறு வருஷமாகப் படுத்திருக்கிறது.

அடுத்த படங்களில் வில்லத்தனம் செய்யும் கிழக்கிந்திய வணிகக் கம்பெனியும் சும்மா இட்டுக்கட்டியதல்ல. 1695-ல் ஹென்றி எவரி என்பவன் ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலைச் சூரத் பக்கக் கடலில் கொள்ளையடிக்க, முகலாய தர்பாரின் கோபம் முழுவதும் ஆங்கிலக் கம்பெனியின் தலையில் விடிந்தது. கம்பெனிக்குக் கொள்ளையர்மேல் தீராப் பகை மூண்டது அதற்கப்புறம்தான்.

அடுத்து, குண்டு தீர்ந்துபோய் முள்கரண்டியைப் பீரங்கியில் திணித்துச் சுடும் காட்சி. “கப்சா” என்று பேனா எடுத்தான். நிறுத்துடா! கரும்தாடி என்ற கொள்ளையனின் ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ கப்பல் சிதைவில் பீரங்கித் தீனியாகக் கிடைத்தவற்றில் ஆணி, கண்ணாடித் துண்டு, ஈயக்குண்டு எல்லாம் உண்டு. கப்பலை உடைக்க இரும்புக் குண்டு. தளத்தில் நிற்கும் ஆட்களைச் சாய்க்க இந்தக் காயலான் கடை. முள்கரண்டி கொஞ்சம் ஆடம்பரம், அவ்வளவுதான். சினிமாவில் கப்சா வேறொரு இடத்தில் இருக்கிறது: குண்டு விழுந்த இடமெல்லாம் தீபாவளி மாதிரி வெடிக்கிறதே, அதுதான். அன்றைய குண்டு திட இரும்பு. வெடிக்காது. மரச்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். தெறிக்கும் மரச்சிராய்கள்தான் ஆளைக் கொல்லும்.

ஓடுகிற கப்பலில் நங்கூரத்தை வீசி, அதையே அச்சாக வைத்துக் கப்பலைச் சட்டென்று திருப்புகிறார்களே, அது? “சினிமா ஸ்டண்ட்” என்றான். ஸ்டண்ட்தான், ஆனால் மாலுமிகளுடைய ஸ்டண்ட். கரையில் மோதப்போகும் நெருக்கடியில் வேறு வழியில்லாதபோது செய்யும் கடைசி வித்தை அது. என்ன, படத்தில் வருகிற வேகத்தில் செய்தால் வடம் அறுந்துபோகும்.

மூன்றாம் படத்தில் கொள்ளையர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கலாட்டா உண்டு. அதையும் கப்சா பக்கம் எழுதினான்; அதையும் அடித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. நிஜக் கொள்ளையர்கள் கேப்டனை ஓட்டுப் போட்டு வைத்தார்கள், ஓட்டுப் போட்டே இறக்கினார்கள். சண்டையிலும் துரத்தலிலும் மட்டும் அவன் சொல்வது சட்டம்; மற்ற நேரம் பெரும்பான்மை. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளையனின் கப்பலில் இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. வாத்தியக்காரர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பதும் விதி!

நிஜம் என்று நம்பியது

எதை நிஜம் என்று பையன் கண்ணை மூடிக்கொண்டு எழுதினானோ, அதெல்லாம் சரிந்தது.

பலகைமேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது, அவன் பட்டியலில் முதல் நிஜம். 1710, 1720-களின் கொள்ளையர்கள் அப்படிச் செய்ததற்கு நம்பத்தகுந்த சாட்சியம் இல்லை. தள்ள வேண்டுமென்றால் தள்ளிவிடுவார்கள். பலகை போட்டு உபசரிக்க நேரமேது?

போர்ட் ராயல் துறைமுகம்: கோட்டையும் குன்றுமாக அழகாக நிற்கிறது. அசல் ஊர் ஜமைக்காவில் ஒரு தட்டையான மணல்திட்டின் நுனி. 1692 ஜூன் 7-ஆம் தேதி முற்பகலில் வந்த நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. படத்தில் ஆடம்பர விருந்து நடக்கும் காலத்தில் அங்கே மீன்கள் குடித்தனம் செய்துகொண்டிருந்தன.

இரண்டே பேர் ஒரு கப்பலைத் திருடி ஓட்டிக்கொண்டு போவது: போகவே முடியாது. நங்கூரத்தைத் தூக்கவே ஒரு கும்பல் வேண்டும்.

கதாநாயகி எலிசபெத்தை உட்காரவைத்து பேர்லின் கேப்டன் பார்போசா விருந்து கொடுக்கும் கேப்டன் அறை: பாதிக் கப்சா. அறை உண்டு, தனிமை கிடையாது. 1724-ல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்று நூலின்படி, கடைநிலை மாலுமியும் கேப்டன் அறைக்குள் நுழைந்து, அவன் கிண்ணத்திலேயே குடித்துவிட்டுப் போகலாம். கப்பலில் இடமும் இல்லை. அதே அளவு வணிகக் கப்பலில் இருபது பேர் வேலை செய்தால், கொள்ளைக் கப்பலில் நூறு பேருக்குமேல் அடைந்து கிடப்பார்கள். 1717 ஏப்ரலில் அமெரிக்காவின் கேப் காட் கரையோரம் புயலில் உடைந்த ‘விடா’ என்ற கொள்ளைக் கப்பலில் ஏறத்தாழ 145 பேர். தப்பியவர்கள் இரண்டே பேர். டவுன் பஸ்ஸில் காலை எட்டு மணி. அதைப் பல மாதத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள்.

படங்கள் பெரும்பாலும் காட்டாத காட்சி வேறு ஒன்று இருக்கிறது. வெப்பக் கடலில் கப்பலின் அடிப்பகுதி முழுக்கச் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும், மரத்தைப் புழு துளைக்கும், வேகம் போய்விடும். வேகம் போனால் கொள்ளையனுக்குக் கழுத்து போகும். எனவே அடிக்கடி ஆளில்லாத கடற்கரை தேடி, சரக்கை எல்லாம் இறக்கி, கப்பலை ஒருக்களித்துச் சாய்த்து, பாசியைத் தீயால் பொசுக்கி, சுரண்டி, கொழுப்பும் தாரும் பூச வேண்டும். வெயிலில் வியர்வை வழிய நாள்கணக்காகக் கப்பலுக்கு முதுகு தேய்ப்பதுதான் கடற்கொள்ளையன் வாழ்க்கை. 2014-ல் தொடங்கிய ‘பிளாக் செயில்ஸ்’ தொடர் இதைத் துணிந்து காட்டியது.

இன்னொன்று நோய். 1718 மே மாதம் கரும்தாடி சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே அடைத்து, ஆட்களைப் பிணை பிடித்துக்கொண்டு கேட்ட விலை என்ன? ஒரு பெட்டி மருந்து! அவன் கப்பல் சிதைவில் கிடைத்த மருத்துவப் பொருள்களில் சிறுநீர்த் துவாரத்தில் பாதரசம் ஏற்றும் பீச்சாங்குழாயும் ஒன்று. அக்காலத்தில் பால்வினை நோய்க்கு அதுதான் வைத்தியம். எதற்கு என்று பையன் கேட்டான். “காய்ச்சலுக்கு” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். அன்றைக்கு நான் சேர்த்த கப்சா அது ஒன்றுதான்.

கடலுக்குத் தெரியாத வித்தியாசம்

சினிமாக் கப்பல் நிஜக் கப்பலாவதும் உண்டு. மார்லன் பிராண்டோ நடித்து 1962-ல் வந்த ‘மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி’ படத்துக்காகக் கனடாவின் லூனன்பர்க்கில் ‘பவுன்ட்டி’யைக் கட்டினார்கள். கேமராவும் ஆட்களும் புழங்க இடம் வேண்டுமென்று மூலக் கப்பலைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக. படம் முடிந்தபின்பும் அரை நூற்றாண்டு அது கடலில் ஓடியது. 2006-ல் ‘பைரேட்ஸ்’ இரண்டாம் படத்தில் ‘எடின்பரோ டிரேடர்’ ஆக நடித்தது. 2012 அக்டோபர் 29 அன்று, சாண்டி புயலில், வட கரோலினா கரைக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் 16 பேர். 14 பேரைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் மீட்டது. கேப்டனும் ஒரு பெண் மாலுமியும் திரும்பவில்லை. இதைப் படித்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காலண்டர் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது என்று பையன் கேட்டான். நடுக்கோட்டின் மேலேயே எழுதச் சொன்னேன்.

அந்த ‘சன்செட்’ என்ன ஆனது? 2011-ல் வந்த நாலாவது படத்துக்குப் பேர்லின் கறுப்புச் சட்டையைக் கழற்றி, எலும்பும் மண்டையோடுமாக வேறு வேஷம் போட்டார்கள்: கரும்தாடியின் ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’. அசல் ரிவெஞ்சும் ஏறத்தாழ நூறு அடிதான். திரையில் ராட்சசனாகத் தெரியும் கப்பலும், கடலில் ஓடிய அசலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்து ஆள்கள்.

அசல் ரிவெஞ்ச் 1718 ஜூனில் வட கரோலினாவின் போஃபர்ட் முகத்துவாரத்தில் தரைதட்டியது, 1996-ல் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு பீரங்கி அறைக்குள், சேறும் துணியுமாக அடைத்துக்கொண்டிருந்த கூழுக்குள், காகிதத் துண்டுகள் இருந்தன. பதினாறு துண்டு; மிகப் பெரியதே நாணயம் அளவு. முந்நூறு வருஷம் கடலடியில் இருந்தும் எழுத்து தெரிந்தது. ஒரு துண்டில் ‘ஹிலோ’ என்று ஓர் ஊர்ப்பெயர். அதைப் பிடித்துக்கொண்டு தேடி, 2018-ல் அறிவித்தார்கள்: எட்வர்ட் குக் 1712-ல் வெளியிட்ட உலகம் சுற்றிய கப்பல் பயணக் கதை. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் வுட்ஸ் ரோஜர்ஸ். ரிவெஞ்ச் தரைதட்டிய அடுத்த மாதமே, கொள்ளையரை ஒழிக்க நாசாவ் துறைமுகத்தில் ஆளுநராக வந்து இறங்கியவரும் அதே ரோஜர்ஸ்தான்.

பையன் தாளைப் பார்த்தான். அடித்தல் திருத்தலில் இரண்டு பக்கமும் இடம் மாறிக் கிடந்தன.

“கரும்தாடி கப்பல்ல கதைப் புத்தகம் வச்சிருந்தாங்களா மாமா? அதுவும் கப்பல் கதையா?”

“ஆமாம்.”

“படிச்சுட்டு பீரங்கியில அடைச்சாங்களா, படிக்காமலேயா?”

எனக்குத் தெரியவில்லை. ரிமோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன்.